பிளக் கழற்றிய கிழமை

என் கணவருக்கு அளவுகள் என்றால் உயிர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் காணிப் படம் கீறும் வேலை. வெள்ளைக்காரன் காலத்தில் அங்குலத்திலும் சங்கிலியிலும் அளந்து கீறிய பழைய படங்களை மீற்றருக்கு மாற்றிப் புதிதாகக் கீறுவதுதான் பதினைந்து வருடமாக அவருடைய பொறுப்பு. அதனால் அங்குலம் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். நான் ஒரு யார் பிளவுஸ் துணி வாங்கி வந்தேன் என்று சொன்னால், "தொண்ணூற்றொரு சென்ரிமீற்றர்" என்று திருத்துவார். துணியின் நிறம் நல்லதா இல்லையா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஸ்பனரின் அளவைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை முழுவதும் தடுமாறினார். அதைச் சொல்லிச் சொல்லியே பல வருடங்களாக அவரைச் சீண்டி வந்திருக்கிறேன். கலியாண வீடுகளில் நான் வாயைத் திறந்தால், "தொடங்கப் போறாள்" என்று எழுந்து போய்விடுவார். கதையின் கடைசிப் பகுதியை மட்டும் நான் எந்தக் கலியாண வீட்டிலும் சொன்னதில்லை.

அது யுத்த காலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் மனையியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் இருந்தது. அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒருவர் போகும் அவசரத்தில் விற்றது. காரோடு வந்த அச்சுப் புத்தகத்தையும், என்ஜினில் தீப்பொறி தட்டும் பிளக்குகள் நான்கைப் புதிதாகப் பேப்பரில் சுற்றியபடியும் தந்துவிட்டுப் போனார். இரண்டையும் இவர் என் சேலைகளுக்கு நடுவே அலுமாரியில் பூட்டி வைத்தார்.

என் தங்கை அப்போது எங்களோடு இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து பாஸ் எடுத்து, கப்பலேறி வந்தவள். பதிவுத் திருமணம் முடிந்து இரண்டு வருடம். கணவன் ஒரு குளிர் நாட்டில். அவனோடு சேர்ந்து இருந்தது எட்டே நாள். கொள்ளுப்பிட்டிப் பக்கம் உள்ள தூதரகம் ஒன்றில் அவளுக்கு விசா நேர்முகம் நடக்க வேண்டும். முதலில் கிடைத்த திகதி தவறிப்போனது. அன்றைக்கு ஓட்டோவில் போனாள். பம்பலப்பிட்டியில் மறித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். விசாரணை என்று பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், பின்னேரம் நாலு மணிக்கு விட்டார்கள். அவள் திரும்பி வந்து சாப்பிடாமல் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டதை நான் மறக்கவில்லை. ஏழு மாதம் எழுதி எழுதி இரண்டாவது திகதி வாங்கினோம். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. இதுவும் தவறினால் விண்ணப்பத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று கடிதத்தில் மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

இந்த முறை காரில்தான் போவது என்று முடிவெடுத்தோம். காரின் முன்கண்ணாடியில் இவருடைய அலுவலக அனுமதித் துண்டு ஒட்டியிருந்தது. அரசாங்க உத்தியோகத்தர், கூடவே மனைவி, மனைவியின் தங்கை என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சிக்கல் காரில்தான் இருந்தது. சோதனைச் சாவடியில் முதலாவது கட்டளை என்ஜினை நிறுத்து என்பது. எங்கள் கார் நிறுத்தினால் நிறுத்தியதுதான். சூடு ஆறும் வரைக்கும் இருமுமே தவிர எடுக்காது. அந்தக் கடிதம் வந்த கிழமையே சாவடி ஒன்றின் முன் அப்படி நின்றுவிட்டது. தமிழர்கள் இருக்கும் கார், மண்மூட்டைக்கு முன்னால், கிளம்ப மறுக்கிறது. அவர்கள் என்ன நினைப்பார்கள்? துவக்குகளை நீட்டிக்கொண்டு பின்வாங்கினார்கள். எங்கள் மூன்று பேரையும் இறக்கி, கைகளை உயர்த்தி நிற்கவைத்து, காரின் அடியிலெல்லாம் தேடினார்கள். கடைசியில் அவர்களே தள்ளி எடுத்துவிட்டார்கள். தள்ளும்போது ஒருவன், பிளக் போய்விட்டது, மாற்றுங்கள் என்று சிங்களத்தில் சொன்னான்.

கராஜுக்குக் கொண்டுபோகலாமே என்று நான் கேட்டேன். கராஜ் தெஹிவளைப் பாலத்துக்கு அப்பால். பாலத்தில் ஒரு சாவடி. சாவடியில் நின்றுபோகும் வருத்தத்துக்கு மருந்தெடுக்கச் சாவடி தாண்டிப் போக வேண்டும். இவர் அதை எனக்கு ஒரு தாளில் படம் கீறி விளக்கினார்.

"நானே மாத்திறன். நாலு பிளக். நாலையும் கழட்டிப் புதுசு பூட்டிறது. இதுக்கெல்லாம் ஒரு பாஸ் வேணுமே?" என்றார். கொழும்பில் மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வரத் தேவைப்பட்ட பாஸ் வேறு.

எல்லாம் சரி, ஸ்பனர் வேண்டுமே. பிளக் ஆழத்தில் இருப்பதால் குழாய் மாதிரி நீண்ட ஸ்பனர் தேவை. எந்த அளவு? இவர் அலுமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, கை கழுவிவிட்டு வந்து வாசித்தார். பிளக் என்ற தலைப்பின் கீழ் பதினாலு மில்லிமீற்றர் என்று அச்சிட்டிருந்தது. இங்கிலாந்துக்காரனே மில்லிமீற்றரில் எழுதியிருக்கிறான் என்று அவருக்கு ஒரே புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. எனக்கும் தங்கைக்கும் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

காலி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடை இருந்தது. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், தலைமுறையாக அந்த வீதியிலேயே வியாபாரம். அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

"பிளக்குக்கா சேர்? இங்கிலீஷ் காரா? அப்ப தேர்ட்டீன் சிக்ஸ்டீன் எடுங்க" என்றார் அவர். ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்து அதில் பதின்மூன்று பங்கு.

"அங்குலமோ?" என்றார் இவர். அந்தக் குரலை எனக்குத் தெரியும். "இல்லை. பதினாலு மில்லிமீற்றர். புத்தகத்தில கிடக்கு."

"சேர், சாமான ஒருக்கா கொண்டு வாங்களேன். போட்டுப் பாத்து எடுக்கலாம். நம்பர் சொன்னா இந்த வேல சரி வராது."

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சாமானைக் கொண்டு வருவதாம். எங்கள் ஒழுங்கை முனையில் சாவடி. இரும்பும் பீங்கானுமாக, நுனியில் கம்பி வளைந்த ஒரு சாமானைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு தமிழன் அதைக் கடப்பதா? கடையில் வாங்கி வரும் பொருளுக்குப் பில் இருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுபோகும் பொருளுக்கு என்ன இருக்கிறது? அளவைத் துண்டில் எழுதிக் கொண்டுபோகக்கூட இவர் பயந்தார். மில்லிமீற்றர் கணக்கைக் கண்டால் துவக்குக் குண்டின் அளவு என்று நினைப்பார்களாம். அதனால் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார். வரும் வழியெல்லாம் பதினாலு, பதினாலு என்று வாய் முணுமுணுத்தது எனக்குத்தான் தெரியும்.

பதினாலு வாங்கினோம். பில்லையும் வாங்கினோம். வீட்டுக்கு வந்து பொனெற்றைத் திறந்து வைத்துப் பார்த்தால், குழாய் பிளக்கின் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. குழந்தையின் தொப்பியை அப்பாவின் தலையில் வைத்த மாதிரி. புத்தகம் பொய் சொல்லாது, ஸ்பனர்தான் பிழை என்றார் இவர். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பதினாலு பிளக்கின் அடியில் உள்ள திருகுப் புரியின் அளவு. ஸ்பனர் பிடிக்கும் தலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து அடிமட்டம் கொண்டு வந்தார். அலுமாரியிலிருந்து புதிய பிளக் ஒன்றை எடுத்து, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, விளக்கை அருகில் இழுத்து, மூலைக்கு மூலை அளந்தார். இருபத்து நாலுக்குக் கொஞ்சம் குறைவு. "இதுதான் விஞ்ஞானம்" என்று எங்களிடம் சொன்னார். அடுத்த நாள் இருபத்து நாலு வந்தது. அது பிளக்கின் மேல் சுகமாக இறங்கி, சுகமாகச் சுற்றியது. பிளக் மட்டும் அசையவில்லை. ஆறு பக்கமுள்ள தலையை மூலைக்கு மூலை அளக்கக்கூடாதாம், எதிரெதிரான பக்கங்களுக்கு இடையில் அளக்க வேண்டுமாம். காணிக்கு மூலை முக்கியம், ஸ்பனருக்குப் பக்கம் முக்கியம். அதை அவரே கண்டுபிடித்து, அடிமட்டத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"அத்தான், அந்தக் கடைக்காரர் சொன்னதை ஒருக்கா வாங்கிப் பாத்தா என்ன?" என்று தங்கை மெதுவாகக் கேட்டாள். அவள் அந்த வீட்டில் ஒன்றுமே கேட்காதவள்.

"பிள்ளை, அங்குலத்தை நாங்கள் நாட்டை விட்டே கலைச்சாச்சு" என்றார்.

பக்கத்துக்குப் பக்கம் அளந்தால் இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே அடிமட்டம் தடுமாறியது. இருபது இறங்காது. இருபத்தொன்று அந்தப் பெரியவரிடம் இல்லை, வேறு கடையில் இருபத்திரண்டு இருந்தது. ஒரு மில்லிமீற்றர்தானே, கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று, வாழ்க்கையில் ஒருபோதும் அரை மில்லிமீற்றர் விட்டுக்கொடுக்காத மனிதர் அன்றைக்கு விட்டுக்கொடுத்தார். சனிக்கிழமை மத்தியானம், கை இலகுவாக எட்டிய மூன்றாவது பிளக்கில் அதை மாட்டி, முழுப்பலத்தோடு திருகினார். ஸ்பனர் வழுக்கிச் சரிந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் முறிந்து என் காலடியில் விழுந்தது. இவருடைய விரல் மொளியில் தோல் உரிந்து இரத்தம்.

அதுவரைக்கும் நிறுத்தினால்தான் எடுக்காத கார். இப்போது எடுக்கவே எடுக்காத கார். திங்கட்கிழமைக்கு இடையில் ஒரு ஞாயிறு மட்டும்.

ஞாயிறு காலை இவர் பொனெற்றுக்குள் தலையை வைத்துக்கொண்டு நின்றார். தங்கை தன் பத்திரங்களை ஒழுங்காக அடுக்குவதும் மறுபடி கலைப்பதுமாக இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். சேலைக்குப் பிளவுஸ் துணி எடுக்கப் போகிறவள் சேலையைக் கொண்டுபோவாளா, நிறத்தின் பெயரைப் பாடமாக்கிக்கொண்டு போவாளா? இருபது வருடமாக இதைத்தானே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். புதிய பிளக் ஒன்றை எடுத்து, முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்.

ஒழுங்கை முனைச் சாவடி வரைக்கும் தைரியமாகத்தான் நடந்தேன். அங்கே போனதும் கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன். பெண் பொலிஸ் கைப்பையைத் திறந்து, லேஞ்சியைப் பிரித்தாள்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்டாள்.

"கார் எக்கே பிளக் எக்க" என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவும் அந்த ஒரு வசனத்தில் தீர்ந்துபோனது.

அவள் பக்கத்தில் நின்ற ஆமிக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, பிளக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நுனியில் வளைந்திருந்த கம்பிக்கும் நடுக்குச்சிக்கும் இடையில் நகத்தை விட்டான். தலையை ஆட்டினான். "கெப் எக்க ஹதலா தான்ன" என்றான். இந்த இடைவெளியைச் சரிசெய்துவிட்டுப் போடுங்கள் என்கிறான். லேஞ்சியில் மறுபடி சுற்றிக் கையில் தந்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு கிழமையாக நாங்கள் பயந்த பயம் அவ்வளவும் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான். ஆனால் அதே இடத்தில், வேறொரு நாள், வேறொருவன் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் பயந்தது மடத்தனம் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

கடை அரைக்கதவு திறந்திருந்தது. பெரியவர் பிளக்கைக் கண்டதும், ஒன்றும் கேட்காமல் கைநீட்டி ஒரு ஸ்பனரை எடுத்து அதன் மேல் விட்டார். அது இறங்கி, இறுக்கமாக நின்றது. ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"நான் அண்டைக்கே சொன்னேனே மிஸ். சேர் படிச்ச ஆள். அதான் கேக்கல்ல" என்றார். அவர் குரலில் ஒரு துளி கேலியும் இல்லை. அதுதான் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் செய்தது.

வீட்டுக்கு வந்து ஸ்பனரை இவரிடம் நீட்டினேன். பக்கவாட்டில் பொறித்திருந்த பதின்மூன்று கீழ் பதினாறை வாசித்தார். வானத்தைப் பார்த்து மனக்கணக்குப் போட்டார். "இருபது தசம் ஆறு மூன்று ஏழு ஐந்து மில்லிமீற்றர். நான் கிட்டத்தட்ட வந்திட்டன்" என்றார்.

"ஓம், ஓம். இன்னும் மூண்டு ஸ்பனர் வாங்கியிருந்தா வந்திருப்பியள்" என்றேன். தங்கை சிரித்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குக் கேட்டேன். இவரும் கேட்டிருக்க வேண்டும், ஸ்பனரை எடுத்துக்கொண்டு பொனெற்றுப் பக்கம் போனார்.

நான்கும் கழன்றன, பீங்கான் முறிந்ததும் சேர்த்து. ஆமிக்காரன் இடைவெளி பற்றிச் சொன்னதை நான் சொன்னபோது, அவனுக்கென்ன தெரியும் என்று முறைத்தார். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்று, நான்கு பிளக்குக்கும் இடைவெளியைச் சரிசெய்தார். பொழுதுபடுவதற்குள் பூட்டி முடித்து, காருக்குள் ஏறினார். திறப்பைத் திருப்பினார். எடுத்தது. நிறுத்தினார். மறுபடி திருப்பினார். எடுத்தது. பதினோரு தரம் இப்படிச் செய்தார். கீழ்வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை ஏழரைக்கே புறப்பட்டோம். பம்பலப்பிட்டியில், முன்பு அவளை இறக்கிய அதே இடத்தில், மறித்தார்கள். என்ஜினை நிறுத்தச் சொன்னார்கள். இவர் நிறுத்தினார். தங்கையின் அடையாள அட்டையை வாங்கிய ஆமிக்காரன் அதை எடுத்துக்கொண்டு மண்மூட்டைக்குப் பின்னால் போனான். யாரோடோ கதைத்தான். நான் பின்சீற்றுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் முகத்தில் இருப்பது என் முகத்துக்கும் வந்துவிடும். அவன் திரும்பி வந்து அட்டையைக் கொடுத்து, "யன்ன", போங்கள் என்றான். இவர் திறப்பைத் திருப்பினார். ஒரே தரத்தில் எடுத்தது.

தூதரக வாசலில் கார் நிற்க விடமாட்டார்கள். அவளை இறக்கிவிட்டு, கடல் பக்கம் போகும் ஓர் ஒழுங்கைக்குள் நிறுத்தினோம். நிறுத்தினோம் என்றால், கார் நின்றது, என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் பார்த்தேன். இருபது நிமிடம் பார்த்தேன்.

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோவன். பெற்றோல் சும்மா போகுது."

"கிடக்கட்டும்."

"பதின்மூண்டு பதினாறிலயும் நம்பிக்கை இல்லையோ?" என்று பகிடியாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அவருடைய கை கியரின் தலையை இறுக்கிப் பிடித்திருந்தது. மொளியில் சுற்றியிருந்த துணி வியர்வையில் நனைந்திருந்தது.

"அண்டைக்கு நான் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்" என்றார். "ஒரு படம் முடிக்கக் கிடந்தது. பெரிய அவசரமில்லை. நான்தானே ஓட்டோவை மறிச்சு அவளை ஏத்திவிட்டனான். போயிட்டு வா பிள்ளை எண்டு கையும் காட்டினனான்."

ஏழு மாதமாக அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிழமை முழுக்க நான் அவரைப் பகிடி பண்ணியதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. பயத்தையும் குற்ற உணர்வையும் கதைக்கத் தெரியாத மனிதர் எங்களோடு மில்லிமீற்றர் கதைத்திருக்கிறார். நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். பிறகு பெற்றோலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். அவர் கண் என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளிலும் ஒழுங்கை முனையிலும் மாறிமாறி இருந்தது. பத்தரை தாண்டி அவள் வந்தாள். ஓடிவரவில்லை, பத்திரக் கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விரைவாக நடந்து வந்தாள். கதவைத் திறந்து ஏறிக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொன்னாள்.

"அத்தான், ஓம் எண்டிட்டாங்கள்."

அவள் கதவைச் சாத்தும் வரைக்கும் இவர் காத்திருந்தார். பிறகு கையை நீட்டி என்ஜினை நிறுத்தினார்.

"இனி எடுக்காட்டிலும் பறவாயில்லை" என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார்.